பின்சக்கரத்தின் கணக்கு: புல்லட் முதல் ஜிஎஸ் வரை

எப்போதும் வட்டி விகிதம், வீட்டுக் கடன் என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை கொஞ்சம் வண்டி வரலாறு.

காரணம் இருக்கிறது. ஜெர்மனியில் வேலை பார்க்கும் அக்கா மகன் ஒரு பழைய பிஎம்டபிள்யூ ஆர்100ஜிஎஸ் வண்டிக்கு விலை பேசி வைத்திருக்கிறான். "மாமா, பின்னாடி இன்னும் நீளமான ஷாக் அப்சார்பர் போட்டா மலைப் பாதைக்கு நல்லதாமே, போடலாமா?" என்று போனில் கேட்டான். அவனும் அவன் மனைவியும் மூட்டை முடிச்சோடு ஆல்ப்ஸ் மலை ஏறப்போகிற வண்டி. ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட முடியவில்லை. அவனுக்காகத் தேடிப் படித்ததுதான் இந்தப் பதிவு.

முதலில் நம்ம ஊர்க் கதை

இங்கே ஒக்கலிபுரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் புல்லட் சத்தம் கேட்காமல் காபி குடிக்க முடியாது :-) அந்த புல்லட்டின் பெருமை என்றால் எல்லோரும் இன்ஜினைத்தான் சொல்வார்கள். வரலாற்றைப் பார்த்தால் பின்சக்கரத்தையும் சொல்ல வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களுக்குப் பின்னால் ஸ்பிரிங்கே கிடையாது. சக்கரம் நேராகச் சட்டத்தில் மாட்டியிருக்கும். பள்ளத்தில் விழுந்தால் முதுகுதான் ஷாக் அப்சார்பர்! சில வண்டிகளில் அச்சின் இருபுறமும் செங்குத்தாக ஸ்பிரிங் வைத்த 'பிளஞ்சர்' அமைப்பு இருந்தது. அதில் சக்கரம் கொஞ்சம்தான் ஏறி இறங்கும்.

1948ல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு வேறு வழியில் போனது. பின்சக்கரத்தை ஒரு நீண்ட கையில் மாட்டி, அந்தக் கையை முன்முனையில் கீல் வைத்து ஆட விட்டது. இதுதான் ஸ்விங் ஆர்ம். கூடவே எண்ணெய் நிரப்பிய இரண்டு ஷாக் அப்சார்பர்கள். அந்த ஆண்டு இத்தாலியில் நடந்த ஆறு நாள் போட்டியில் இந்தப் புதிய புல்லட்டை ஓட்டிய இருவரும் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். 1952ல் நம் ராணுவம் மெட்ராஸ் மோட்டார்ஸ் மூலமாக 500 புல்லட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. 1955ல் என்ஃபீல்டு இந்தியா உருவானது. 1956ல் திருவொற்றியூர் ஆலை திறந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் 163 வண்டிகள் வெளியே வந்தன. மேடு பள்ளத்தில் சக்கரம் தரையை விடாமல் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்ற பாடம் அப்படித்தான் சென்னைக்கு வந்தது.

ஷாஃப்ட் வந்தால் வரும் வில்லங்கம்

புல்லட்டுக்குச் செயின். பிஎம்டபிள்யூ 1923ல் செய்த தன் முதல் வண்டியான ஆர்32லேயே செயினுக்குப் பதில் ஷாஃப்ட் வைத்தது. லாரிக்கு அடியில் நீளமாகச் சுழலுமே, அதே சங்கதிதான். செயினை இறுக்குவது, மண் படியாமல் துடைப்பது என்ற தொல்லை எதுவும் இல்லை.

ஆனால் ஸ்விங் ஆர்மும் ஷாஃப்டும் சேர்ந்தபோது ஒரு சிக்கல் வந்தது. ஷாஃப்ட் நுனியில் உள்ள சின்னப் பல்சக்கரம், பின்சக்கரத்தோடு சேர்ந்த பெரிய பல்சக்கரத்தைத் திருப்பும்போது அதன் மேலேயே ஏறப் பார்க்கும். அந்த எதிர்விசையைப் பல்சக்கரப் பெட்டி வாங்கிக்கொள்ளும். பெட்டி ஸ்விங் ஆர்மோடு இறுக்கப்பட்டிருப்பதால், ஆர்மின் முன்முனை மேலே தூக்கப்படும். ஆக்சிலேட்டரைத் திருகினால் வண்டியின் பின்பக்கம் எழும், விட்டால் உட்காரும். வளைவில் பயந்துபோய் சட்டென்று விட்டால், சரியாக அந்த நேரத்தில் வண்டி தாழும். மிருதுவான ஸ்பிரிங்கும் இந்த ஏற்ற இறக்கமும் சேர்ந்ததால், ஜெர்மன்காரர்கள் இந்த வண்டிகளுக்கு 'ரப்பர் மாடு' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

1980ல் ஆர்80ஜி/எஸ் வந்தது. ஒரே பக்கம் கை, ஒரே ஷாக் அப்சார்பர். பெயர் மோனோலீவர். பாரிஸ்-டாக்கார் பாலைவனப் போட்டியில் 1981, 1983ல் உபேர் ஓரியோலும், 1984, 1985ல் காஸ்தோன் ராயேயும் பிஎம்டபிள்யூவில் ஜெயித்தார்கள். போட்டி வண்டிகளை வடிவமைத்த எச்பிஎன் என்ற சிறு ஜெர்மன் பட்டறை ஸ்விங் ஆர்மை நீளமாக்கியது. கை நீண்டால் தூக்கும் விசை குறையும். எளிய நெம்புகோல் கணக்கு.

1987ல் பிஎம்டபிள்யூ வேறு தீர்வு கண்டது. அதுதான் பாராலீவர். பெட்டியை ஆர்மில் இறுக்காமல் கீல் வைத்து மாட்டினார்கள். பெட்டி சுழன்றுவிடாமல் அடியில் ஒரு தண்டு கொடுத்து, அதை வண்டியின் உடலோடு இணைத்தார்கள். இப்போது எதிர்விசை தண்டு வழியாகப் போய்விடும். மிக நீளமான ஸ்விங் ஆர்ம் இருப்பது போல வண்டி அமைதியானது.

வரவு உண்டு, பற்றும் உண்டு

வணிகவியல் படித்தவனுக்குத் தெரிந்த விதி, ஒரு பக்கம் வரவு வைத்தால் மறுபக்கம் பற்று எழுதியாக வேண்டும் என்பது. பாராலீவருக்கும் அப்படித்தான். கீல் ஒன்று கூடியதால் ஷாஃப்டில் யுனிவர்சல் ஜாயிண்ட் ஒன்றுக்குப் பதில் இரண்டு. முந்தைய மாடல்களில் ஷாஃப்ட் எண்ணெயில் ஓடியது, இதில் வறட்சியாக ஓடுகிறது. தேய்ந்தால் ஜாயிண்டை மட்டும் கழற்றி மாற்ற வழியில்லாமல் தயாரித்திருந்தார்கள். முழு ஷாஃப்டையும் மாற்ற வேண்டும். மாற்றக்கூடிய ஜாயிண்ட் வைத்துத் திருத்திக் கொடுக்கும் வெளிப் பட்டறைகள் பிறகுதான் வந்தன.

இந்த இடத்தில்தான் மருமகனின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. நீளமான ஷாக் அப்சார்பர் போட்டால் பின்பக்கம் உயரும், தரை இடைவெளி கூடும். அது வரவு. பற்று என்ன? ஜாயிண்டுகள் மடங்கி நிற்கும் கோணம் கூடும். கோணம் கூடினால் தேய்மானம் கூடும். ஓடும்போது ஜாயிண்ட் உடைந்தால் சக்கரத்துக்கு விசை போகாது. உடைந்த துண்டு ஸ்விங் ஆர்மையே பிளக்கவும் செய்யும். மலை வளைவில், பின்னால் மனைவி உட்கார்ந்திருக்கும்போது இது நடப்பதை யோசித்துப் பாருங்கள்.

அதற்காகப் பழைய ஷாக் அப்சார்பரையே வைத்துக்கொண்டு ஓட்டச் சொல்லவில்லை. பல வருடம் ஓடிய ஷாக் அப்சார்பரில் எண்ணெயின் தடுப்பு சக்தி போயிருக்கும், இரண்டு பேர் பாரத்தில் வண்டி தொய்ந்து நிற்கும். ஓலின்ஸ், டபிள்யூபி, வில்பர்ஸ் போன்றவர்கள் ஓட்டுபவர் எடைக்கும் சுமைக்கும் ஏற்ற ஸ்பிரிங்கோடு தருகிறார்கள். கேட்க வேண்டியது "அதே நீளம், சரியான ஸ்பிரிங்". ஆள் ஏறி உட்கார்ந்தால் மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும் என்பது பொதுவான அளவு. வாங்கும் முன் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசைத்து, ஜாயிண்டில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இங்கே ஜே.சி. ரோட்டில் புல்லட்டுக்கு விதவிதமான ஷாக் அப்சார்பர் தேடும் தம்பிகளுக்கும் இது பொருந்தும். 2016ல் வந்த ஹிமாலயன், ஒசூர் டிவிஎஸ் ஆலையில் செய்து 2018ல் இங்கே விற்பனைக்கு வந்த ஜி310ஜிஎஸ் எல்லாம் செயின் வண்டிகள். ஷாஃப்ட் கவலை இல்லை. ஆனால் பின்பக்கத்தை உயர்த்தினால் செயின் தொய்வு மாறும், முன் ஃபோர்க் நிமிர்ந்து ஹேண்டில் துள்ளும், சைடு ஸ்டாண்டில் வண்டி அதிகம் சாயும்.

கடைக்காரர் வரவுப் பக்கத்தை மட்டும்தான் படித்துக் காட்டுவார். பற்றுப் பக்கத்தை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை, வங்கிக்காரன். ஸ்பேனரை எடுப்பதற்கு முன் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தையும், விவரம் தெரிந்த ஒரு மெக்கானிக்கையும் பார்த்துவிடுங்கள்.