பட்டிப்புரோலுக் கற்பேழையும் தமிழ் எழுத்தும்

எகிப்தின் சக்காராவில், மன்னன் ஜோசரின் படிப் பிரமிட்டின் கீழே ஏறத்தாழ 40,000 கற்கலங்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுட் பல, அவனுக்கு முன் ஆண்ட வேந்தரின் பெயர்களைத் தாங்கியவை. ஆங்கு பொறிக்கப்பட்ட எழுத்து அரசனது உடைமையையும் புகழையும் உணர்த்தி நின்றது.

எகிப்தைத் தாலமி மன்னர் ஆண்ட காலத்தில், தென்னிந்தியாவிலும் அரசன் பெயர் பொறித்த கற்கலம் ஒன்று ஆக்கப்பெற்றது. ஆந்திரத்திற் கிருஷ்ணா நதியின் கழிமுகப் பகுதியிலுள்ள பட்டிப்புரோலில், 1892இல் அலெக்சாண்டர் ரே பௌத்த தூபி ஒன்றை அகழ்ந்தபோது மூன்று கற்பேழைகள் வெளிப்பட்டன. புத்தர் தாதுவை வைப்பதற்கென அமைந்த அவற்றினின்றும் பளிங்குச் சிமிழ், பொற்பூக்கள், முத்துக்கள் முதலியன கிடைத்தன. பேழைகளிற் பிராகிருத மொழிச் சாசனங்கள் உள. குபிரகன் என்னும் அரசனை அவை குறிப்பிடுகின்றன. ஆயின், அரசன் ஈண்டுத் தனித்து நிற்கவில்லை. கூரன் என்பானும் அவன் பெற்றோரும் நிகமத்தாரும் அவனுடன் இடம்பெறுகின்றனர். மதுரையை அடுத்த மாங்குளத்துத் தமிழ்ச் சாசனத்திலும் நெடுஞ்செழியன் பெயரோடு வெள்ளறை நிகமத்தார் குறிக்கப்படுதல் ஒப்புநோக்கற்பாலது.

அரசன் பெயரினும் சிறப்புடையது அப்பேழைகளின் எழுத்துமுறையே. அசோகரது பிராமியில் குறியீடற்ற எழுத்து அகர உயிரேறிய மெய்யாகும். தனிமெய்யைக் காட்டத் தனிக்குறி இல்லை. பட்டிப்புரோலிலோ, அகரத்தைக் காட்டவும் ஒரு சிறுகோடு இடப்பட்டது. ஆகவே கோடற்ற வடிவம் தனிமெய்க்கு உரியதாயிற்று. இவ்வரிவடிவத்தின் தனித்தன்மையை உணர்ந்த பூலர், அதனைத் 'திராவிடீ' என அழைத்தார். மெய்யீறு மலிந்த தமிழுக்கு இச்சிக்கல் பெரிதாகும். தொன்மையான தமிழ்ப் பிராமியில் 'மகன்' என எழுதியதை அசோகர் முறையில் வாசிப்பின் 'மாகான' என்றாகும். பின்னர்த் தமிழர் மெய்யெழுத்தின்மேற் புள்ளியிட்டு இவ்விடரைத் தீர்த்தனர். தொல்காப்பியம் புள்ளியை இலக்கணமாக வகுத்தது. இவ்வளர்ச்சிப் படிகளை ஐராவதம் மகாதேவன் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இரவல் எழுத்தைத் தம் மொழிக்கு இசைவித்தல் கீழைக்கரைக்குப் புதிதன்று. அறபு எழுத்திற் புள்ளிகளையும் குறிகளையும் கூட்டித் தமிழொலிகளை எழுதிய அறபுத் தமிழ் மரபை இக்கரை முஸ்லிம்கள் நன்கறிவர். அதற்கு நெடுங்காலம் முன்னரே பிராமியும் இப்பகுதியை அடைந்திருந்தது என்பதற்குப் பொத்துவிலுக்குத் தெற்கேயுள்ள குடும்பிகலைக் குகைச் சாசனங்கள் சான்றாகும்.

பட்டிப்புரோலில் ரே அகழ்வதற்கு முன்னரே, தூபியின் செங்கற்கள் பாதை போடவும் கற்கள் கால்வாய் வேலைக்கும் பெயர்த்தெடுக்கப்பட்டன. எஞ்சிய மேட்டின் நடுவே பேழைகள் தப்பியிராவிடின், தமிழ்ப் புள்ளியின் முன்வரலாற்றில் ஓர் ஏடு மறைந்தே போயிருக்கும். நம் அயலிலும் புதையல் தேடுவோரின் உளிக்குப் பழங்கற்கள் இரையாகின்றன. பொன்னை நாடி உடைக்கப்படும் கல்லில் அழிவது பொன்னினும் அரிய எழுத்தே என்பதை உணர்தல் நம் கடனாகும்.