டார்பிடோ எங்கே போகிறது? – ஒரு முக்கோணக் கணக்கின் கதை

2005-ல் வந்த 'சைலண்ட் ஹண்டர் 3' விளையாட்டில், தானாகக் குறி வைக்கும் வசதியை அணைத்துவிட்டு விளையாடுபவர்கள் எல்லோரும் முதல் நாள் செய்கிற தவறு ஒன்றுதான். பெரிஸ்கோப்பில் கப்பல் தெரிகிறது. நடுக்கோட்டைக் கப்பலின் வயிற்றில் பொருத்தி டார்பிடோவை விடுகிறார்கள். ஒரு நிமிஷம் கழித்துப் பார்த்தால் டார்பிடோ கப்பலுக்குப் பின்னால் வெறும் தண்ணீரில் போய்க்கொண்டிருக்கிறது. கப்பல் தன்பாட்டுக்குப் போகிறது!

சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். பாட்டிலில் நிறுத்திய ராக்கெட் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் போகும். பற்றவைத்த பிறகு யாரும் அதைத் திருப்ப முடியாது. பழைய டார்பிடோவும் அப்படித்தான். எறிபந்து ஆடுகிற பையன், ஓடுகிறவன் இப்போது இருக்கும் இடத்துக்கு எறிவதில்லை, இரண்டு எட்டு முன்னால் எறிகிறான். அந்த இரண்டு எட்டு எவ்வளவு என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்விக்காகக் கடலில் செத்தவர்கள் பல்லாயிரம் பேர். அதில் நம் நாட்டுக் கப்பல் ஒன்றின் ஆட்கள் 194 பேரும் உண்டு. அந்த இடத்துக்குக் கடைசியில் வருவோம்.

கணக்கு இதுதான்

ஒரு கப்பல் 10 நாட் வேகத்தில் நமக்குக் குறுக்கே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். (ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர்.) தூரம் 1000 மீட்டர், டார்பிடோவின் வேகம் 30 நாட். கப்பல் இருக்கும் இடம், டார்பிடோ புறப்படும் இடம், இரண்டும் சந்திக்கப்போகும் இடம் என்று மூன்று புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு முக்கோணம். பத்தாம் வகுப்பு சைன் கணக்கைப் போட்டால், கப்பலுக்குச் சுமார் 19.5 டிகிரி முன்னால் விடவேண்டும் என்று விடை வரும். டார்பிடோ போய்ச்சேர சுமார் 69 விநாடி ஆகும். அதற்குள் கப்பல் 350 மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த 19.5 டிகிரியைக் கண்டுபிடிக்கத் தூரமே தேவையில்லை. இரண்டு வேகங்களும், கப்பல் எந்தப் பக்கம் முகம் காட்டிப் போகிறது என்பதும் தெரிந்தால் போதும். 500 மீட்டர் என்றாலும் 3000 மீட்டர் என்றாலும் கோணம் அதேதான்.

அப்படியானால் தூரத்துக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. கப்பலின் வேகம் 10 நாட் என்று நினைத்தோம், உண்மையில் 12. அந்த 69 விநாடியில் கப்பல் சுமார் 70 மீட்டர் கூடுதலாகப் போயிருக்கும். 120 மீட்டர் நீளக் கப்பலின் நடுவில் குறி வைத்திருந்தால், டார்பிடோ வாலுக்குப் பத்து மீட்டர் பின்னால் போய்விடும். இதே தப்பை 500 மீட்டரில் செய்திருந்தால் பிசகு 35 மீட்டர்தான், அடி விழுந்திருக்கும். தனி வட்டி மாதிரி, சின்னத் தப்பும் தூரம் கூடக்கூட வளரும். அதனால்தான் அந்தக் காலத்துக் கேப்டன்கள் உயிரைப் பணயம் வைத்துக் கிட்டே போனார்கள்.

எம்டன் செய்தது

கிட்டே போவதில் நமக்குத் தெரிந்த ஆள் எம்டன்தான். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மீது குண்டு போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல். தமிழில் 'அவன் பெரிய எம்டன்' என்று சொல்லவைத்த கப்பல். சென்னையில் அது பயன்படுத்தியது பீரங்கி. டார்பிடோவைப் பயன்படுத்தியது அடுத்த மாதம், அக்டோபர் 28-ல், பினாங்குத் துறைமுகத்தில்.

எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. கேப்டன் கார்ல் வான் முல்லர் நாலாவதாக ஒரு போலிப் புகைபோக்கியைக் கட்டி, பிரிட்டிஷ் கப்பல் மாதிரி விடியற்காலையில் உள்ளே நுழைந்தார். நங்கூரமிட்டு நின்ற ரஷ்யக் கப்பல் 'ஜெம்சுக்' மீது மிக அருகிலிருந்து டார்பிடோ விட்டு மூழ்கடித்தார். நிற்கிற கப்பலுக்கு வேகம் பூஜ்யம். முக்கோணமே தேவையில்லை. எதிரியின் வேகத்தை அறிவது கஷ்டம் என்றால், வேகமே இல்லாத எதிரியைத் தேடு! அவர் செய்தது அதுதான்.

நமுத்துப்போன டார்பிடோ

குறி சரியாக இருந்தால் போதுமா? தீபாவளியன்று திரி எரிந்தும் வெடிக்காத பட்டாசைப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும்.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க நீர்மூழ்கிகளிடம் மிகச் சிறந்த கருவி ஒன்று இருந்தது. டார்பிடோ டேட்டா கம்ப்யூட்டர் என்று பெயர். பல்சக்கரங்களும் மோட்டார்களும் கொண்ட இயந்திரக் கணிப்பொறி அது. மேலே சொன்ன முக்கோணத்தை நொடிக்கு நொடி போட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் அவர்களுடைய மார்க் 14 டார்பிடோ, வைத்த ஆழத்தைவிட ஏறக்குறைய மூன்று மீட்டர் கீழே ஓடியது. அதைச் சரிசெய்த பிறகும் பல வெடிக்கவில்லை.

1943 ஜூலையில் 'டினோசா' என்ற நீர்மூழ்கி ஒரே ஜப்பானிய எண்ணெய்க் கப்பல் மீது 15 டார்பிடோக்களை விட்டது. கப்பல் நின்றுபோன பிறகு, நிதானமாக, செங்குத்தாகக் குறி வைத்து விட்டவைகூட மோதிச் சும்மா போயின. கடைசி ஒன்றை விடாமல் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினார் கேப்டன். ஆராய்ந்து பார்த்ததில் தெரிந்த சங்கதி இது: நேராக, 90 டிகிரியில் மோதினால் உள்ளே இருக்கும் வெடிக்கும் பொறி நசுங்கி வேலை செய்யாமல் போகிறது. சாய்வாக மோதினால் வெடிக்கிறது. பாடப்புத்தகப்படி குறி வைத்தவனுக்குத்தான் தோல்வி!

ராடார் வந்த பிறகு

கப்பலின் வேகத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்வது அனுபவஸ்தர்களுக்கும் தடுமாற்றம்தான். ராடார் வந்ததும் நிலைமை மாறியது. 1942 முதல் அமெரிக்க நீர்மூழ்கிகளில் கடல்மட்டத்தைப் பார்க்கும் ராடார் வந்தது. இருட்டிலும் மூடுபனியிலும் தூரமும் திசையும் கிடைக்கும். சில நிமிஷ இடைவெளியில் இரண்டு புள்ளிகளைக் குறித்தால் போகும் திசையும் வேகமும் தெரிந்துவிடும். விளையாட்டுக்காரர்கள் பயன்படுத்தும் குறுக்கு வழி ஒன்று: 3 நிமிஷம் 15 விநாடியில் கப்பல் எத்தனை நூறு மீட்டர் நகர்கிறதோ, அத்தனை நாட் வேகம். 800 மீட்டர் என்றால் 8 நாட். போட்டுப் பாருங்கள், சரியாக வரும்.

ராடார் தண்ணீருக்குள் வேலை செய்யாது. அங்கே ஒலிதான், அதாவது சோனார். அதுபோக, ராடார் இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. நேச நாட்டு விமானங்களும் காவல் கப்பல்களும் பத்து சென்டிமீட்டர் அலை ராடாரைப் பொருத்திக்கொண்டபின், இரவில் மேலே மிதந்து வந்த ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கு ஒளிய இடமில்லை. 1943 மே மாதத்தில் மட்டும் 41 நீர்மூழ்கிகளை ஜெர்மனி இழந்தது. வட அட்லாண்டிக்கிலிருந்து படையையே பின்வாங்க வேண்டியதாயிற்று.

தரையில் ஆடிய விளையாட்டு

இதில் ஒரு விளையாட்டுக்கும் பங்கு உண்டு. 1942-ல் லிவர்பூலில் கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற அதிகாரி ஒரு சிறு பிரிவைத் தொடங்கினார். காசநோயால் கடற்படையிலிருந்து முன்பே அனுப்பப்பட்டவர் அவர். கூட வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் கடற்படைப் பெண்கள் பிரிவின் இளம்பெண்கள். அதில் ஜீன் லெய்ட்லா கணக்காளர் தொழிலிலிருந்து வந்தவர். காமர்ஸ் மாணவர்கள் கவனிக்க!

அறையின் தரைதான் கடல். சாக்பீஸால் கப்பல்களின் பாதையை வரைவார்கள். காவல் கப்பல் கேப்டன்கள் திரைக்குப் பின்னால் நின்று சின்னத் துவாரம் வழியாக மட்டும் பார்க்கவேண்டும். நிஜக் கடலில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தெரியும். அப்படி ஆடிப் பார்த்ததில், ஜெர்மன் நீர்மூழ்கி வெளியிலிருந்து சுடவில்லை, இரவில் பின்பக்கமாகக் கப்பல் கூட்டத்துக்குள்ளேயே நுழைந்து பக்கத்திலிருந்து சுடுகிறது என்று புரிந்தது. எம்டன் பினாங்கில் செய்த அதே காரியம். உடனே எதிர் உத்தி தயாரானது. போர் முடிவதற்குள் சுமார் 5000 அதிகாரிகள் அந்தத் தரையில் பாடம் படித்தார்கள். இன்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் ஆடுவது அந்தத் தரை விளையாட்டின் மறுபக்கத்தை.

டையூ கடலில், 1971

இப்போது நம் கதைக்கு வருவோம். 1971 டிசம்பர் போர். குஜராத் கடற்பக்கம் பாகிஸ்தான் நீர்மூழ்கி ஒன்று திரிவது ரேடியோ சிக்னல்களிலிருந்து தெரிந்தது. அதைத் தேட பம்பாயிலிருந்து 'குக்ரி', 'கிர்பான்' என்ற இரண்டு கப்பல்கள் போயின. அதே பிரிவின் மூன்றாவது கப்பலான 'குடார்' இயந்திரக் கோளாறால் போகமுடியவில்லை.

எதிரே இருந்தது 'ஹாங்கோர்', பிரெஞ்சு டாஃப்னே வகை நீர்மூழ்கி. அதன் சோனார் புதியது. நம் கப்பல்களின் சோனார் பழையது. வேட்டைக்குப் போனவர்களைவிட வேட்டையாடப்பட வேண்டியவனின் காது கூர்மை! அந்தக் குறையைச் சரிக்கட்ட, சோனாரின் எட்டும் தூரத்தைக் கூட்டும் புதிய கருவி ஒன்றைக் குக்ரியில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சோதனைக்காகக் கப்பல் வேகத்தைக் குறைத்துப் போகவேண்டியிருந்தது என்று கடற்படையின் வரலாறு சொல்கிறது.

முக்கோணத்தை நினைத்துப் பாருங்கள். குறி வைக்கப்படும் கப்பலின் கையில் இருக்கும் ஒரே கேடயம், தன் வேகத்தையும் திசையையும் எதிரி கணிக்க முடியாமல் செய்வதுதான். மெதுவாகப் போகிற கப்பல் அந்தக் கேடயத்தைக் கீழே வைத்துவிடுகிறது. காது கேட்க வேண்டுமானால் மெதுவாகப் போகவேண்டும், தப்பிக்க வேண்டுமானால் வேகமாகப் போகவேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

டிசம்பர் 9 இரவு. ஹாங்கோரின் முதல் டார்பிடோ கிர்பானை நோக்கிப் போய் வெடிக்காமல் போனது. இரண்டாவது குக்ரியைத் தாக்கியது. இவை ராக்கெட் மாதிரி நேரே போகிறவை அல்ல, ஒலியைத் தேடிப் போகிறவை. சில நிமிஷங்களில் கப்பல் மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு வரவில்லை. அவருக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது. மறுநாள் திரும்பி வந்த மீட்புக் கப்பல்கள் 67 பேரைக் காப்பாற்றின.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு நீர்மூழ்கி ஒன்று போரில் மூழ்கடித்த முதல் போர்க்கப்பல் குக்ரிதான். அடுத்தது 1982 மே 2-ல் அர்ஜென்டினாவின் 'பெல்கிரானோ', 323 உயிர்கள். அதை மூழ்கடித்தது அணுசக்தி நீர்மூழ்கி. ஆனால் அது விட்டவை நேராக ஓடும் பழைய மார்க் 8 டார்பிடோக்கள், 1920களின் வடிவம். மூன்றில் இரண்டு பட்டன. முக்கோணம் இன்னும் ஓய்வு பெறவில்லை.

டையூவில் கடலைப் பார்த்தபடி குக்ரிக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. அதே பெயரில் 1989-ல் சேர்ந்த இன்னொரு குக்ரியும் 2021-ல் ஓய்வு பெற்று டையூவுக்கே போய்ச்சேர்ந்தது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு ஒரு தகவல். விருதுநகரிலிருந்து நான்குவழிச் சாலையில் தெற்கே கோவில்பட்டி, திருநெல்வேலி தாண்டிப் போனால் விஜயநாராயணம் வரும். அங்கே 1990 முதல் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் இயங்குகிறது. கடலுக்கடியில் இருக்கும் நம் நீர்மூழ்கிகளுக்கு மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகளில் செய்தி அனுப்பும் இடம் அது. உயர்ந்த கம்பங்கள் தூரத்திலிருந்தே தெரியும்.

விளையாட்டில் டார்பிடோ தவறினால் பழைய சேவ் பைலைத் திறந்து மறுபடி விடலாம். பெரிஸ்கோப்புக் கோட்டைக் கப்பலின் மேல் பொருத்தும்போது, அந்தக் கப்பலுக்குள்ளும் ஒருவர் வேகத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று யோசித்துக்கொண்டிருப்பார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள், நண்பர்களே. அவருக்குச் சேவ் பைல் கிடையாது.