வேட்டை போன பின் வேட்டை நாய்

தென்மாவட்ட வேட்டை நாய்களுக்கு உடலமைப்பைக் கொடுத்தவை அவை ஓடிய நிலமும் துரத்திய விலங்கும்தான். கோவில்பட்டி, சாத்தூர் பக்கத்துக் கரிசல் வெளியில் மறைவிடம் குறைவு. அங்கே முயலையும் வெளிமானையும் பிடிக்க மோப்பத்தைவிடப் பார்வையும் வேகமும் வேண்டும். கன்னி, சிப்பிப்பாறை நாய்களின் நீண்ட கால்களும் ஆழ்ந்த மார்பும் ஒட்டிய வயிறும் அதற்கானவை. மேற்கு மலையடிவாரத்தில் நிலைமை வேறு. புதருக்குள் மடக்கப்பட்ட காட்டுப்பன்றி திரும்பிப் பாயும். அதை எதிர்த்து நிற்கக் கனத்த எலும்பும் வலுத்த தாடையும் தேவை. இராஜபாளையமும் கோம்பையும் அந்த மண்ணின் நாய்கள். ஓட முடியாததும் பன்றிக்கு அஞ்சியதும் வேட்டைக்காரனுக்கு உதவாது. எந்த நாயின் குட்டி வேண்டும் என்பதை வேட்டைக்களமே முடிவு செய்தது.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்தக் களம் சட்டப்படி மூடப்படத் தொடங்கியது. மூடியது சரியே. தெற்கே வெளிமான் எஞ்சி நின்ற வல்லநாட்டுக் குன்றை 1987இல் சரணாலயமாக அறிவித்துக் காக்க வேண்டியிருந்தது. ஆனால் வேட்டை விட்ட இடத்தை அழகு பிடித்துக்கொண்டது. 2005இல் தபால்தலையில் இடம்பெறும் அளவுக்குப் புகழ்பெற்ற இராஜபாளையத்தில், பால்வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் இன்று விலை பேசுகின்றன. உட்செவி சரியாக இயங்க நிறமிச் செல்கள் வேண்டும். வெள்ளையை மட்டுமே தேடி இணை சேர்த்தால் அந்தச் செல்கள் குறைந்து, செவிட்டுக் குட்டிகள் பிறக்கின்றன. வெண்மைதான் இந்த இனத்தின் அடையாளம் என்பார்கள். கூப்பிட்ட குரல் கேட்காத நாய் எந்தக் காலத்திலும் பன்றி வேட்டைக்குப் போயிருக்க முடியாது. அப்படியானால் காது அடையாளமில்லையா?

வேட்டையே இல்லாதபோது இந்த இனங்கள் எதற்கு என்ற கேள்வி இன்னும் கடுமையானது. விடை நடுகல்லில் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்லில் வீரனோடு கோவிவன் என்ற நாயும் நிற்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற நாய் என்று அதன் பெயரைப் பொறித்துவைத்தார்கள். வேட்டை இல்லாமலும் நம் நாய்களுக்கு வேலை உண்டு, 7ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. தோட்டத்தையும் ஆட்டுக்கிடையையும் காக்கும் திறனை அளவுகோலாக வைத்து வளர்ப்போர் தாய் தகப்பனைத் தேர்ந்தெடுக்கலாம். இணை சேர்க்குமுன் இரண்டுக்கும் செவித்திறன் சோதனை செய்ய வேண்டும். நிறம் கலந்த இராஜபாளையக் குட்டியை ஒதுக்கும் பழக்கத்தையும் இப்போதே கைவிட வேண்டும்.