தலையை அளந்தவர்கள்

பிறந்த குழந்தையின் மண்டையோடு ஒரே எலும்பன்று. இன்னும் ஒன்றோடொன்று இறுகாத தகடுகளின் கூட்டம். அதனாலேயே குழந்தை பிறப்புவாயிலைக் கடக்கிறது. அதனாலேயே ஒரே பக்கமாய்க் கிடத்தினால் அப்பக்கம் தட்டையாகியும் விடுகிறது. தாய்மார் கண்ணாற் கண்ட இவ்வுண்மையை அறிஞர் பலர் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை.

1840களில் சுவீடன் நாட்டு உடற்கூற்றறிஞர் ரெட்சியஸ், மண்டையின் அகலத்தை நீளத்தோடு ஒப்பிட்டு, மாந்தரை நீள்தலையர், குறுந்தலையர் என வகுத்தார். பின்வந்தோர் அந்த எண்ணை இனத்தின் மாறாத முத்திரையாக்கினர். ஏழைக் குடியேறிகளுக்கு எதிரான வாதங்களில் அது சாட்சியும் சொல்லிற்று.

அந்தச் சாட்சியை அதன் சொந்தக் கருவியாலேயே குறுக்குவிசாரணை செய்தவர் பிரான்ஸ் போவாஸ். அமெரிக்கக் காங்கிரசின் குடிவரவு ஆணைக்குழுவுக்காக, நியூயோர்க்கில் குடியேறியோரும் பிள்ளைகளுமாக ஏறத்தாழ 18,000 பேரை அவர் அளந்தார். கிழக்கைரோப்பிய யூதரின் உருண்டைத் தலை, அமெரிக்காவிற் பிறந்த பிள்ளைகளிடம் சற்று நீண்டிருந்தது. சிசிலியரின் நீள்தலையோ குறுகியிருந்தது. மாற்றம் சிறிதே எனச் சிலர் 2002இல் வாதாடினர். அடிப்படை முடிவு நிலைக்கிறதென வேறு சிலர் மறுத்துரைத்தனர். எவ்வாறாயினும், 1924ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் போவாஸின் எண்களைக் கேட்டு எழுதப்பட்டதன்று!

அளவுகருவி பின்னர் மருத்துவரிடம் வந்தது. உறக்கத்தில் நேரும் திடீர் மரணத்தைத் தடுக்கக் குழந்தைகளை மல்லாக்கவோ ஒருக்களித்தோ கிடத்துமாறு 1992இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் அறிவுறுத்தியது. அம்மரணங்கள் பாதிக்குமேற் குறைந்தன. தட்டைத் தலைகள் பெருகின. உயிரோடு ஒப்பிட இது அற்ப விலையே. தலையின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து, வித்தியாசத்தை நூற்றுவீதமாக்கி, ஐந்து படிகள் வகுத்தார்கள். அற்லாந்தாவில் எழுந்த அளவுமுறையில் 3.5க்குக் கீழ் இயல்பு. 11க்கு மேல் மிகக் கடுமை. தகடுகள் முன்கூட்டியே ஒட்டிக்கொள்ளும் அரிய நோய் வேறு; அதற்கு அறுவைச் சிகிச்சை வேண்டும்.

படி வகுத்ததும் பண்டமும் வந்தது. தலையைத் திருத்தும் தொப்பிகள் ஆயிரக்கணக்கான டொலருக்கு விலைப்படலாயின. 2014இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்று, மிகக் கடுமையானவர்களை நீக்கி, 84 குழந்தைகளைச் சீட்டுக் குலுக்குவதுபோற் பிரித்து, ஒரு சாராருக்குத் தொப்பி அணிவித்தது. மறுசாராரை இயற்கையிடம் விட்டது. இரண்டு வயதில் முழுமையாகச் சீரடைந்தோர் தொப்பியினரில் நூற்றுக்கு 26, மற்றோரில் 23. தொப்பி அணிந்தோரின் பெற்றோர் அனைவரும் ஏதேனுமொரு பக்கவிளைவைக் கூறினர். பெரும்பாலோர் கூறியது தோல் எரிச்சல்.