புதுத்துணி வாடையும் பழைய பெட்டி வாசமும்

போன வாரம் லோயர் கேம்ப்பிலிருந்து வந்த ஒரு அம்மா, வார்டு வாசலில் என்னை நிறுத்தி ஒரு பிளாஸ்டிக் கவரை மூக்குக்கு நேரே நீட்டினார். மகளுக்குப் பிரசவம் ஆகி இரண்டாவது நாள். பேரனுக்கு ஆன்லைனில் வாங்கிய சட்டை, ஜட்டி, தொப்பி செட் அது.

"மக போன்ல பாத்து வாங்குனா சார். பிரிச்சதுமே ஒரே சீமெண்ணெய் வாடை. பச்சப்பிள்ளைக்குப் போடலாமா?"

மோந்து பார்த்தேன். சீமெண்ணெய் வாடைதான், கூடவே லேசா மீன் வாடை. "இப்படியே போடாதீங்கம்மா, துவைச்சுட்டுப் பாத்துக்கலாம்" என்றேன். அம்மா முகத்தில் வெற்றிச் சிரிப்பு. "நான் அப்பவே சொன்னேன்ல" என்று மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தான் கொண்டுவந்த துணியைப் பையிலிருந்து எடுத்தார். தாத்தாவோட பழைய வேட்டி. நாலாகக் கிழித்து மடித்தது, பூ மாதிரி மெத்துனு இருந்தது. அதையும் வாங்கி மோந்து பார்த்தேன்.

இந்த த்ரெட்டை எழுத வெச்சது அந்த ஆன்லைன் செட் இல்ல, அந்த வேட்டிதான். ஏன்னு சொல்றதுக்குக் கொஞ்சம் வரலாறு வேணும். பொறுமையாப் படிங்க.

எங்கேயோ நெய்த துணி, மாசக்கணக்கில் பயணம் பண்ணி, ஒரு வாடையோட முன்பின் தெரியாத ஆள் கையில் போய்ச் சேர்றது பழைய கதை. நம்ம புதுச்சேரியிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஒரு துணி போய்க்கிட்டே இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'கினே'. அவுரிச் சாயத்தில் திரும்பத் திரும்ப முக்கி எடுத்த, கிட்டத்தட்டக் கறுப்பாவே தெரியும் நீலத் துணி. ஒரு துண்டு சுமார் 16 மீட்டர் நீளம். புதுச்சேரியில் கப்பல் ஏறி, பிரான்ஸ் போய், அங்கிருந்து செனகல் நதி முகத்துவாரத்தில் இருக்கும் செயின்ட் லூயி நகரத்துக்குப் போகும். அங்கே பாலைவனத்து மூர் வணிகர்கள் வேலமரப் பிசினைக் கொண்டுவந்து குடுத்துட்டு இந்தத் துணியை வாங்கிப்பாங்க. காசுக்குப் பதிலா கினே துண்டையே கணக்கு வெச்சு வியாபாரம் நடந்த இடம் அது. அந்தப் பிசின் எங்கே போச்சு தெரியுமா? ஐரோப்பாவின் துணி மில்களுக்கு. துணியில் பூ அச்சடிக்கிற சாயத்தைக் கெட்டியாக்க அதுதான் வேணும். அதாவது நம்ம ஊர்த் துணியைக் குடுத்து, நம்ம ஊர்த் துணிக்குப் போட்டியா வர்ற துணிக்கான பிசினை வாங்கினாங்க!

துணி நல்லா ஓடினா போலி வராம இருக்குமா? பிரான்ஸில் ரூவான் பக்கத்து மில்கள் கினே மாதிரியே நெய்து, நீலம் ஏத்தி அனுப்பிப் பார்த்தன. கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருந்தது. ஆனா வாங்குறவங்க துணியைத் தொட்டுப் பார்ப்பாங்க, தேய்ச்சுப் பார்ப்பாங்க, மோந்து பார்ப்பாங்க. புதுச்சேரித் துணியோட வாடை இதில் இல்லைன்னா கண்டுபிடிச்சுடுவாங்க.

அப்படி என்ன வாடை? அவுரி நீலம் தண்ணியில் கரையாது. அதைக் கரைய வைக்க நம்ம சாயக்காரங்க தாழியில் சுண்ணாம்பும் தகரை விதையும் சேர்த்துப் புளிக்க விடுவாங்க. உள்ளே பாக்டீரியா பெருகி ஆக்ஸிஜனைத் தின்னுடும், நீலம் கரையற நிலைக்கு வரும். அதில் முக்கி எடுக்கும்போது நூல் பச்சை கலந்த மஞ்சளா வெளியே வந்து, காத்துப் பட்டதும் கண்ணு முன்னாடியே நீலமா மாறும். இது கெமிஸ்ட்ரியும் மைக்ரோபயாலஜியும் சேர்ந்த வேலை. படிக்காதவங்கன்னு நாம நினைக்கிறவங்க தலைமுறை தலைமுறையா செஞ்ச வேலை. அந்தத் தாழி நாறும், நல்லாவே நாறும். அந்த நாத்தத்தில் கொஞ்சம் துணியோட கடல் தாண்டும். நம்ம சாயத்தொட்டியின் நாத்தம்தான் அங்கே ஐஎஸ்ஐ முத்திரை.

வடக்கே காஷ்மீர் சால்வைக்கும் இதே கதை நடந்தது, முடிவுதான் வேற. கம்பளியை அந்துப்பூச்சி அரிக்காம இருக்க, மடிப்புக்குள்ளே பச்சௌலி இலையை வெச்சு அனுப்புவாங்க. (பச்சௌலிங்கிற பேரே தமிழ்லேர்ந்து போனதுன்னு ஆங்கில அகராதிகள் சொல்லுது.) அந்த வாசம் இருந்தாத்தான் அசல் இந்தியச் சால்வைன்னு ஐரோப்பியப் பெண்கள் பழகிட்டாங்க. பிரான்ஸில் சால்வை நெய்தவங்க விவரமானவங்க. அந்த இலையையே வரவழைச்சு, தங்களோட போலிச் சால்வைக்கு வாசம் ஏத்தி வித்துட்டாங்க. செனகலில் ஏமாறாத மூக்கு பாரீஸில் ஏமாந்தது.

இந்த இரண்டு வாசத்தையும் ஒழிச்சது ஒரு கறுப்புக் குழம்பு. நிலக்கரித் தார்.

நிலக்கரியிலிருந்து விளக்கெரிக்க கேஸ் எடுத்தபோது மிஞ்சின கழிவு அது. 1820 வாக்கில் அதிலிருந்து வெள்ளையா, நெடியோட ஒரு படிகத்தைப் பிரிச்சு எடுத்தாங்க. அதுதான் நாப்தலின். நாம பாச்சா உருண்டை, அந்துருண்டை, ரசகற்பூரம்னு சொல்ற சமாச்சாரம். பிறகு 1897ல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் கம்பெனி செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த நீலத்துக்கு மூலப்பொருளும் இதே நாப்தலின்தான். அவுரி விவசாயம் கொஞ்ச காலத்திலேயே படுத்துடுச்சு. சாயத்துக்கும் தார், பூச்சிக்கும் தார். நம்ம வீட்டுப் பெட்டியில் வசம்பு, வேப்பிலை, வெட்டிவேர் இருந்த இடத்தில் அந்த வெள்ளை உருண்டை வந்து உட்கார்ந்தது. அது புதுவாடையா இல்லாம, "பாட்டி பெட்டி வாசம்"னு நமக்கு ஒரு பாசமாவே மாறிப் போச்சு.

இப்ப வேட்டிக்கு வருவோம். அந்த அம்மா கொண்டுவந்த வேட்டியில் அடிச்சது அந்த வாசம்தான். டிரங்குப் பெட்டியில் பாச்சா உருண்டையோட வருஷக்கணக்கா இருந்த துணி.

பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடாம, துவைச்சுத் துவைச்சு இளகின பழைய நூல் துணி போடுற நம்ம வழக்கம் அருமையான வழக்கம். கஞ்சி இருக்காது, சாயம் போயிருக்கும், உறுத்தாது. ஆனா அந்தத் துணி பெட்டியிலிருந்து நேரே பிள்ளை மேல் வரக் கூடாது.

நாப்தலின் உருண்டை உருகாம அப்படியே ஆவியாகும், அந்த ஆவி துணியில் ஏறிக்கும். பிள்ளை அதை மூச்சில் இழுக்கும், தோல் வழியாவும் உள்ளே போகும். இது தண்ணியில் கரையாது, எண்ணெயில் நல்லா கரையும். தேங்காய் எண்ணெய் தேய்ச்சு, உடனே அந்தத் துணியில் சுத்தினா இன்னும் சுலபமா உள்ளே போகும். உடம்புக்குள் போனதும் அது சிவப்பணுக்களைத் தாக்குற பொருளா மாறுது. நம்ம சிவப்பணுவுக்குள் ஜி6பிடின்னு ஒரு நொதி இருக்கு. இந்தத் தாக்குதலைத் தாங்க வைக்கிறது அதுதான். சிலருக்குப் பிறவியிலேயே இது குறைவு. அம்மா வழியா எக்ஸ் குரோமோசோமில் வர்ற குறை என்பதால் ஆண் பிள்ளைகளில்தான் அதிகம். வெளியே ஒண்ணுமே தெரியாது, பிள்ளை கொழுகொழுன்னு இருக்கும். நாப்தலின் உள்ளே போனா சிவப்பணுக்கள் கொத்துக் கொத்தா உடையும். உடைஞ்சதிலிருந்து வர்ற பிலிருபினைப் பச்சைப் பிள்ளையின் கல்லீரலால் சமாளிக்க முடியாது. மஞ்சள் ஏறும். ரொம்ப ஏறினா மூளைக்குள் போய்ப் படியும். அப்படிப் படிஞ்சா திரும்பி வராத பாதிப்பு, சில சமயம் மரணம்.

இந்த நொதிக் குறையை மருத்துவ உலகம் கண்டுபிடிச்சதே 1956ல்தான். பிரைமாகுவின் என்ற மலேரியா மாத்திரை சிலருக்கு மட்டும் ஏன் ரத்தத்தை உடைக்குதுன்னு தேடிப் போய்க் கிடைச்ச விடை அது. 1963ல் கிரேக்க நாட்டு மருத்துவர்கள் ஒரு கட்டுரை எழுதினாங்க. நாப்தலின் ஏறின துணிமணிக்குப் பக்கத்தில் இருந்து பாதிக்கப்பட்ட 21 கைக்குழந்தைகள். 10 பேருக்கு ஜி6பிடி குறை. 8 பேருக்கு மூளையில் மஞ்சள் படிஞ்சிருந்தது, 2 குழந்தைகள் இறந்துட்டாங்க. அந்த எண்ணிக்கையைத் திரும்பப் பாருங்க. 21 பேரில் 10 பேருக்குத்தான் குறை. மத்த 11 பேரும் அந்தக் குறை இல்லாமலே பாதிக்கப்பட்டாங்க. பிறந்த புதுசில் எந்தப் பிள்ளையும் இதை நல்லா தாங்காது. ஐரோப்பிய நாடுகளில் 2008லேயே நாப்தலின் உருண்டையைத் தடை பண்ணிட்டாங்க. நம்ம ஊரில் சோப்புக்குப் பக்கத்தில் பாக்கெட் பாக்கெட்டா தொங்குது.

பாச்சா உருண்டைத் துணி போட்ட எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஆகும்னு சொல்லல. பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா யாருக்கு ஆகும்னு முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இனி அந்த ஆன்லைன் செட். அந்த வாடையையும் பிரிச்சுப் படிக்கலாம். சீமெண்ணெய் வாடை பெரும்பாலும் அச்சடிச்ச துணியில்தான் வரும். பிக்மென்ட் பிரிண்டிங்கில் சாயக் குழம்பைக் கெட்டியாக்க சீமெண்ணெயும் தண்ணியும் சேர்த்துக் கடையற முறை ஒண்ணு இருக்கு. சூடு பண்ணி நல்லாக் காய வெச்சா ஆவியாப் போயிடும். அவசரமா பேக் பண்ணினா கவருக்குள்ளேயே தங்கிடும். மீன் வாடை வேற கதை. 1926ல் மான்செஸ்டரின் டூட்டல் கம்பெனி, பருத்தித் துணி கசங்காம இருக்க ஃபார்மால்டிஹைடு கலந்த பிசினை ஏத்துற முறைக்குக் காப்புரிமை வாங்கியது. 'ரிங்கிள் ஃப்ரீ' சட்டைக்கெல்லாம் அதுதான் தாத்தா. அந்தப் பிசின் சரியா வேகலைன்னா மீன் வாடை அடிக்கும். ஃபார்மால்டிஹைடே மிச்சம் இருந்தா கண்ணு எரியும், மூக்கைக் குத்தும். முதல் வருஷ எம்பிபிஎஸ் அனாட்டமி ஹாலில் நின்ன யாருக்கும் அதைச் சொல்லித் தர வேண்டாம்! அது ஒத்துக்காதவங்களுக்குக் கழுத்துப்பட்டி, அக்குள் ஓரம், தொடை இடுக்குன்னு துணி உரசி வேர்க்கிற இடத்தில் தடிப்பு வரும். ஜப்பான் 1973லேயே இதுக்குச் சட்டம் போட்டது, கைக்குழந்தை துணிக்குத் தனிக் கட்டுப்பாட்டோட. பூஞ்சை வாடைக்குக் காரணம் வெறும் ஈரம். சாரல் காலத்தில் லோயர் கேம்ப்பில் ஒரு கவரைப் பிரிக்காம ரெண்டு நாள் வெச்சுப் பாருங்க, புரியும்.

நான் எதையும் மோந்து பார்க்கிறதுக்கு இந்தப் பள்ளத்தாக்கும் ஒரு காரணம். விடியக்காலை ஜீப்பில் குமுளி ஏறி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போறவங்க ஊர் இது. மருந்தடிச்ச சட்டையோட மயங்கி வர்றவங்க மேல் பூண்டு மாதிரி ஒரு வாடை அடிச்சா, எங்களுக்கு அது பூச்சிமருந்து. முதலில் துணியைக் கழட்டிட்டு, உடம்பைக் கழுவ ஆரம்பிச்சுடுவோம். அந்தச் சட்டையை வீட்டில் பிள்ளைத் துணியோட சேர்த்து ஊற வைக்காதீங்க. இதைத் தனியா எழுதணும், இன்னொரு நாள்.

வாடையோட வர்ற துணிக்கு ஒரு சீட்டும் வேணும். 1958ல் நடந்ததா சொல்லப்படுற ஒரு கதை. வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளருக்கு, கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர் (பின்னாளில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கியவர்) மெட்ராஸ் கட்டம் போட்ட துணியைக் காட்டினார். தாவரச் சாயமும் நல்லெண்ணெயும் சேர்ந்த வாடை தூக்கலா அடிக்கிற கைத்தறித் துணி. சாயம் இறங்கும், பச்சைத் தண்ணியில் பக்குவமா அலசணும்னு சொல்லித்தான் கொடுத்தாராம். அந்த ஒரு வரி, துணியை வாங்கின ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போய்ச் சேரல. சட்டையும் கோட்டும் தைச்சு வித்தாங்க. வாங்கினவங்க வாஷிங் மெஷினில் போட, மத்த துணியெல்லாம் கலர் கலரா ஆச்சு. புகார் மேல் புகார். அப்புறம் விளம்பரத்தில் "ஒவ்வொரு துவைப்பிலும் நிறம் மாறும் அதிசயத் துணி"ங்கிற மாதிரி திருப்பி, குறையையே பெருமையா வித்தது தனி சாமர்த்தியம்.

அந்த அம்மா காட்டின கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சைஸ் இருந்தது, விலை இருந்தது. எதில் நெய்தது, என்ன ஏத்தினது, எப்படித் துவைக்கிறது, ஒண்ணும் இல்ல.

"அப்ப எதைத்தான் சார் போடுறது?"

மகள் கட்டியிருந்த மாதிரி, தினம் கட்டித் துவைச்சு வெயிலில் காஞ்ச, பெட்டிக்குள் போகாத நூல் சேலை வீட்டில் இருந்தது. அதைக் கொண்டுவரச் சொன்னேன். ஆன்லைன் செட்டை ரெண்டு தடவை துவைச்சு நல்ல வெயிலில் போடுங்க, அப்பவும் வாடை போகலைன்னா திருப்பி அனுப்பிடுங்கன்னு சொன்னேன். பிள்ளை கண்ணிலோ உடம்பிலோ மஞ்சள் ஏறினா, ஒண்ணுக்கு கறுப்பு டீ மாதிரிப் போனா, பால் குடிக்காம சோர்ந்து தூங்கிக்கிட்டே இருந்தா, வெயிலில் காட்டிட்டு இருக்காம உடனே தூக்கிட்டு வாங்கன்னும் சொன்னேன்.

பெட்டிக்கு என்ன வைக்கிறதுன்னு கேட்டார். உங்க அம்மா என்ன வெச்சாங்கன்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, "வசம்பு" என்றார்.

பெட்டியில் வைங்க, பிள்ளை வாயில் வெச்சுடாதீங்க என்றேன்.

"வேட்டியத்தான் கிழிச்சுட்டமே சார்" என்று அதைத் திரும்ப மடிச்சுப் பைக்குள் வைத்தார். "சரி, அந்தாளு சைக்கிள் தொடைக்கட்டும்."