துரை, கங்காணி, பங்குதாரர்

போடிநாயக்கனூருக்குப் போயிருக்கிறீர்களா? பஸ்ஸை விட்டு இறங்கினால் ஏலக்காய் வாசனை வரும். நிமிர்ந்தால் மலை. அந்த மலைமேல் போடிமெட்டு, பூப்பாறை தாண்டிப் போனால் மூணாறு.

இன்றைக்கு அது கேரளம். ஆனால் ஒரு காலத்தில் மூணாறுக்கு வாசல் போடிதான். மூணாறில் காய்ந்த தேயிலை, டாப் ஸ்டேஷன்வரை ஒரு குட்டி ரயிலில் வரும். அங்கிருந்து விஞ்சில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கும். அப்புறம் மாட்டுவண்டி, போடி. 1924 ஜூலையில் பெய்த பேய்மழையில் அந்த ரயில் பாதையே அடித்துக்கொண்டு போய்விட்டது. மறுபடி போடவேயில்லை.

தேயிலை கீழே வந்த வழியில் மேலே போனவர்கள் நம் ஆட்கள். மதுரை, திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணி கூட்டிப் போன கூலிகள். மேலே துரை, நடுவில் கங்காணி, கீழே கூலி. துரை சொல்வார், கங்காணி கத்துவார், கூலி செய்வார். பேச்சு எப்போதும் மேலிருந்து கீழேதான். கீழிருந்து மேலே போனது கொழுந்துக் கூடை மட்டும்.

சரி, எதற்கு இந்தப் பழங்கதை? காரணம் இருக்கிறது.

நெருக்கடியில் விழுந்த நிறுவனத்தைத் தூக்கி நிறுத்த, ஊழியர்களின் ‘சாஃப்ட் ஸ்கில்’லை வளர்க்கவேண்டும் என்று நிர்வாக இயல் ஆசாமிகள் சொல்வார்கள். பேசத் தெரிவது, கேட்கத் தெரிவது, கூடி முடிவெடுப்பது. கோட்டு சூட்டு சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தியாவில் இதற்கு நடந்த மிகப்பெரிய பரீட்சைகளுள் ஒன்று, மூணாறு லயங்களில் நடந்தது.

1998க்குப் பிறகு தேயிலை விலை சரிய ஆரம்பித்தது. ஒரு கிலோ தயாரிக்க ஆகும் செலவு, விற்கும் விலையைத் தாண்டிவிட்டது. பக்கத்துப் பீர்மேட்டில் சில எஸ்டேட்டுகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு முதலாளிகள் நடையைக் கட்டினார்கள். வேலை இல்லை, சம்பளம் இல்லை, லயத்தை விட்டால் போக ஊரும் இல்லை.

மூணாறில் அப்போது முதலாளி, டாடா டீ. 2000ல் பிரிட்டனின் டெட்லி கம்பெனியையே விலைக்கு வாங்கிவிட்டவர்கள். இனி பாக்கெட்டில் போட்டு விற்பதுதான் தொழில், தோட்டம் தேவையில்லை என்று முடிவெடுத்தார்கள். மூடலாம் அல்லது யாருக்காவது விற்கலாம். அவர்கள் மூன்றாவதாக ஒரு வழி பிடித்தார்கள். ஊழியர்களிடமே கொடுத்துவிட்டார்கள்.

2005 ஏப்ரல் 1. கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் என்ற புதிய கம்பெனி பொறுப்பேற்றது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் அதில் பங்கு வாங்கினார்கள். டாடா ஓரமாக ஒரு சிறு பங்கோடு உட்கார்ந்துகொண்டது.

யோசித்துப் பாருங்கள். நேற்றுவரை கொழுந்து கிள்ளிய அம்மா, இன்று பங்குதாரர். பங்கு என்றால் என்ன, லாபம் எங்கிருந்து வருகிறது, விலை விழுந்தால் ஏன் டிவிடெண்டும் விழும் என்று ஒவ்வொருவருக்கும் விளக்கவேண்டும். எஸ்டேட் அளவில் தொழிலாளர்களும் உட்கார்ந்து பேசும் குழுக்கள் அமைந்தன. மேனேஜர் என்கிற துரையும் கொழுந்து கிள்ளுகிறவரும் ஒரே மேஜையில். தலைமுறை தலைமுறையாகக் கைகட்டி நின்றவர்களுக்கு, உட்கார்ந்து பேசுவதே ஒரு பயிற்சிதான்.

பலன் தெரிந்தது. நஷ்டத்தில் கிடந்த தோட்டம் லாபத்துக்குத் திரும்பியது. அடுப்பு அணையவில்லை. இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பீர்மேட்டில் பூட்டிய தோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஆனால், கதை இங்கே முடியவில்லை.

2015 செப்டம்பர். போனஸ், முந்தைய ஆண்டைவிடக் குறைந்து பத்து சதவிகிதம் ஆனது. லாபம் படுத்துவிட்டது என்றது நிர்வாகம். அன்றைய தினக்கூலி 232 ரூபாய். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாறில் நடுரோட்டில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். சமரசம் பேச வந்த தொழிற்சங்கத் தலைவர்களையே விரட்டிவிட்டார்கள். ‘நீங்கள் எங்களுக்காகப் பேசியது போதும், நாங்களே பேசிக்கொள்கிறோம்’ என்பதுதான் அதன் அர்த்தம். பெம்பிளை ஒருமை என்று பெயர் வந்தது. ஒன்பது நாள் போராட்டம். கடைசியில் முதலமைச்சர் உம்மன் சாண்டி உட்கார்ந்து பேசி, போனஸும் கருணைத் தொகையுமாக இருபது சதவிகிதத்துக்கு ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அக்டோபரில் தினக்கூலி 301 ரூபாய் என்று முடிவானது.

பங்குதாரர்களே தங்கள் கம்பெனிக்கு எதிராக ரோட்டுக்கு வந்தது எப்படி?

பி.காம். வகுப்பில் ‘குட்வில்’ என்று ஒரு சொத்து சொல்லித் தருவார்கள். கண்ணுக்குத் தெரியாது, கையால் தொட முடியாது, ஆனால் விலை உண்டு. நம்பிக்கை அந்த ஜாதி. லாபம் குறைந்தது நிஜமாகவே இருக்கட்டும். அந்தக் கணக்கு, கூடை சுமப்பவருக்குப் புரியும்படி, அவர் நம்பும்படி போய்ச் சேரவில்லை. பங்குப் பத்திரம் கையில் இருந்தது. ஆனால் அடுத்த மாத அரிசிக்குப் பத்திரம் உதவாது, கூலிதான் உதவும். இதை மேஜையின் அந்தப் பக்கம் இருந்தவர்கள் காது கொடுத்துக் கேட்டிருந்தால், விஷயம் நடுரோட்டுக்கு வந்திருக்காது.

சாஃப்ட் ஸ்கில் என்றாலே நாம் கீழே இருப்பவருக்குக் கற்றுக்கொடுக்கும் விஷயமாகத்தான் நினைக்கிறோம். மூணாறுப் பெண்கள் பேசக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். அதுவும் கட்சி, சங்கம், வகுப்பு எதன் தயவும் இல்லாமல். கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் மேலே இருந்தார்கள். நிர்வாகம் மட்டுமல்ல, சங்கத் தலைவர்களும்தான்.

உங்கள் ஆபீசிலும் நெருக்கடி வரும். பயிற்சி வகுப்பு போடுவார்கள், பிஸ்கட் கொடுப்பார்கள். அப்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘முதலாளிக்கும் இந்த வகுப்பு உண்டா சார்?’