கம்பம்மெட்டின் இருபுறமும்: கிறிஸ்தவ ஆராதனையில் தனிமனித நோக்கங்கள்

கப்பர்நகூமில் தம்மைத் தேடி வந்த ஜனங்கள் அப்பம் உண்டு பசியாறியதன் பொருட்டே வந்தனர் என்று இயேசு கடிந்துகொண்டதாக யோவான் சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரம் கூறுகின்றது. அன்றன்றைக்கு வேண்டிய அப்பத்தைப் பிதாவிடம் கேட்கும்படி அவரே சீஷர்க்குக் கற்பித்ததை மத்தேயு சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரம் கூறுகின்றது. தன் தேவைக்காகக் கடவுளை நாடுவது குற்றமா, குற்றமன்றா என்னும் வினா இவ்வாறு கிறிஸ்தவத்தின் மூலநூலிலேயே வேர்கொண்டுள்ளது. அவ்வினா காலந்தோறும் அடைந்த மாறுதலை ஆராய்ந்து, தேனி மாவட்டத்துக் கம்பத்தையும் இடுக்கி மாவட்டத்து ஏலமலையையும் இணைக்கும் கம்பம்மெட்டு வட்டாரத்தில் அதன் விளைவைக் காண்பதே இக்கட்டுரையின் கருத்து.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்துத் தலைவர் பெர்னார்து, தன்னலத்துக்காகக் கடவுளை நேசிப்பதையும் அன்பின் நான்கு படிகளுள் ஒன்றாகவே வகுத்து, அப்படியில் கால்வையாதவன் மேற்படிக்கு ஏற மாட்டான் என்னும் கொள்கைக்கு இடமளித்தார். பாவமன்னிப்பைப் பணத்தோடு பிணைத்த பலன்சீட்டு முறையை 1517இல் லூதர் எதிர்த்தபோது, வழிபாடு வாணிபமாகத் திரிவதன் ஆபத்து வெளிப்பட்டது. எனினும், நரகபயத்தால் பிறக்கும் குறைப்பட்ட மனஸ்தாபமும் தேவனுடைய கொடையே என்று 1551இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்துச் சங்கம் தீர்மானித்தது. பலனில் சற்றும் பற்றில்லாத அன்பே நிறைவடைந்த ஆத்துமாக்களின் நிலையான இயல்பு என வற்புறுத்திய பிரெஞ்சுப் பேராயர் ஃபெனெலோனின் நூலிலிருந்து 23 வாக்கியங்களை 1699இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் இன்னொசென்ட் கண்டித்தார். வீடுபேற்றையும் விரும்பாத அடியாரைச் சேக்கிழார் போற்றியதை அறிந்த தமிழர்க்கு இத்தீர்ப்பு வியப்பளிக்கலாம். ஆயினும் அதன் உட்கருத்து, எதிர்பார்ப்புடைய பாமரனையும் கோயிலுக்கு வெளியே தள்ளலாகாது என்பதேயாம்.

இனித் தமிழ்நாட்டுச் சான்றுகளை நோக்குவோம். முத்துக்குளித்துறைப் பரதவர் 1535 முதல் 1537 வரையிலான காலத்தில் திரளாக ஞானஸ்நானம் பெற்றது, கடலிலும் கரையிலும் தம்மை நெருக்கிய போட்டியாளரிடமிருந்து போர்த்துக்கீசியரின் காவலை வேண்டியேயாகும். அவர்களுக்கு முறையான உபதேசமே 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்த பின்னர்தான் கிட்டியது. காவல் ஒன்றே அவர்களைப் பிணித்திருந்த கயிறாயின், 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றிய அன்றே அது அறுந்திருக்க வேண்டும். புதிய ஆட்சியாளர் சீர்திருத்த சபையினராயிருந்தும், பரதவர் தம் கத்தோலிக்க நெறியையும் பனிமய மாதாவையும் கைவிடவில்லை. அவர்களை அழைத்து வந்த காரணம் நீங்கிவிட்டது; நிலைபெறச் செய்த காரணமோ அதற்குள் வேறாகியிருந்தது.

திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியைத் தம் ஊராகக் கொண்டு உழைத்த கால்டுவெல், 1857இல் வெளியான தம் சொற்பொழிவுகளில், சபையை நாடி வருவோரின் நோக்கங்கள் கலப்பானவையே என்று ஒளியாமல் ஒப்புக்கொண்டார். உயர்ந்த நோக்கம் என்பது கிறிஸ்தவப் பயிற்சியினால் விளைய வேண்டிய பலனாகையால், பயிற்சிக்கு முன்பே அதை எதிர்பார்ப்பது முறையன்று என்பது அவருடைய அபிப்பிராயம். இதனைக் கணக்கெடுத்து ஆராய்ந்தவர் அமெரிக்க மிஷனரி பிக்கெட். இந்தியாவின் பல பாகங்களில் நிகழ்ந்த கூட்ட மதமாற்றங்களைப் பற்றி 1933இல் அவர் வெளியிட்ட நூலின்படி, வினவப்பட்டோரில் ஆன்மிக நோக்கம் கூறியோர் நூற்றுக்கு ஏறத்தாழ 35 பேர். சமூகக் காரணம் கூறியோர் 22 பேர். உலகியல் லாபம் கூறியோர் 8 பேர் மாத்திரமே. எஞ்சிய மூன்றில் ஒரு பங்கினர் கிறிஸ்தவப் பெற்றோருக்குப் பிறந்ததையே காரணமாகக் காட்டினர். வந்த நோக்கத்தைக் காட்டிலும் வந்த பின் அளிக்கப்பட்ட பராமரிப்பே ஒருவரின் பக்தியை அதிகம் நிர்ணயிக்கிறது என்பது அவர் கண்ட முடிவு.

இம்முடிவை மலைநாட்டில் பரீட்சித்துப் பார்க்கலாம்.  மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழ்க் கத்தோலிக்கரும் வழிபட்ட கார்மேல் மாதா ஆலயம் 1898இல் நிறுவப்பட்டது. 1940களில் உணவுப் பஞ்சத்தின் காரணமாகத் திருவிதாங்கூர் அரசு வனநிலத்தில் சாகுபடிக்கு இடங்கொடுக்க, மீனச்சில் முதலிய தாழ்நாட்டுப் பகுதிகளிலிருந்து சுரியானிக் கிறிஸ்தவர் மலையேறினர். காய்ச்சலும் காட்டானையும் சூழ்ந்த அவ்வாழ்வில், பாம்புக்கடியினின்று காக்கும்படி கீவர்கீஸ் (ஜார்ஜ்) புனிதரையும், கொள்ளைநோயினின்று காக்கும்படி செபஸ்தியாரையும் அவர்கள் வேண்டியது இயல்பே. 1961இல் அய்யப்பன்கோவில் பகுதியினர் தம் குடியிருப்பினின்று வெளியேற்றப்பட்டபோது, அமராவதியில் உண்ணாவிரதமிருந்த கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ. கே. கோபாலனுக்கு ஆதரவாகப் பாதிரியார் வடக்கன் நின்றார். கம்யூனிஸ்டு எதிர்ப்பில் பெயர்பெற்ற அவரையும் அவ்விடத்துக்கு ஈர்த்தது நிலமிழந்த குடியானவரின் துயரமே. ஆலய வேண்டுதலும் பட்டா வேண்டுதலும் அக்காலத்தில் ஒரே மூச்சில் எழுந்தன. 1977க்கு முன் குடியேறியோருக்குப் பட்டா வழங்க 1993இல் விதிகள் வகுக்கப்பட்ட பின்னரும் ஆலயங்கள் வெறுமையாகவில்லை; கோதமங்கலத்தினின்று பிரிந்து இடுக்கி தனி மறைமாவட்டமாக 2003இல் இயங்கத் தொடங்கியது.

மெட்டின் கீழ்ப்புறத்து நிலைமை சற்று வேறு. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடியற்காலை ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு ஏறி, மாலையில் இறங்கும் கூலியாட்களுள் கிறிஸ்தவராயுள்ளோர்க்கு, மலைமேலுள்ள பங்கு ஆலயம் பெரும்பாலும் பிறர் ஆலயமே. பிள்ளைப்பேற்றுக்கும் பிணிநீக்கத்துக்கும் வேளாங்கண்ணிக்குப் பொருத்தனை செய்து, வெள்ளியிலோ மெழுகிலோ உறுப்புருவம் காணிக்கையிடுவது தமிழ்க் கத்தோலிக்கரின் வழக்கம். தென்னிந்திய திருச்சபையினரோ முதற்பலனை அறுப்பின் பண்டிகையில் ஏலத்துக்கு விட்டு நன்றி செலுத்துவர். முன்னதில் வேண்டுதலும் பின்னதில் நன்றியறிதலும் முற்பட்டுத் தோன்றினும், நேர்ந்ததைச் செலுத்தப் பயணம் போகின்றவன் தன் கடனைத் தீர்க்கவே போகின்றான். அவன் பெறவேண்டியது அதற்கு முன்னரே முடிந்துவிட்டது. கொடுக்கல்வாங்கல் எனப் புறத்தார் இகழும் சடங்கே, இவ்வாறு, நன்றியறிதலைப் பழக்கும் பள்ளியாகவும் இருக்கின்றது.

இதுகாறும் கண்டவற்றால், தன்னலமென்றும் பரிசுத்தமென்றும் நோக்கங்களை இருகூறாகப் பிரித்து, ஒன்றைப் போலியாகவும் மற்றொன்றை மெய்யாகவும் கொள்ளும் முறை சரித்திரத்துக்கு ஒத்ததன்று என்பது புலனாகும். பரதவரின் காவல், குடியேறியோரின் பட்டா, தொழிலாளியின் பொருத்தனை ஆகிய மூன்றும் ஆராதனைக்கு வாயிலாயினவேயன்றி, அதன் எல்லையாக நின்றுவிடவில்லை. ஆதலின், ஒருவன் ஏன் வந்தான் என்னும் கேள்வியோடு, கேட்டது கிடைத்த பின்பும் கிடையாமற்போன பின்பும் ஏன் மீண்டும் வருகின்றான் என்னும் கேள்வியையும் ஆராய்ச்சியாளர் எழுப்புதல் வேண்டும். பக்தியின் தரத்தை அளக்கத் தக்கது இப்பின்னைய கேள்வியே.